எட்டு மடங்கு போதும்: எண்ணூர்க் கழிமுகத்தில் ஒரு 8×42 பைனாகுலர்

வட சென்னையில் பறவை பார்க்க விரும்புகிறவர் ஊரைத் தாண்டி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் காலடியிலேயே கிடக்கிறது. ஆனால் அங்கே பறவைகள் பெரும்பாலும் எட்டாத சேற்றுத் திட்டுகளில்தான் நிற்கும். அந்த இடத்துக்கு எது பொருந்தும் என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு, வலசைக் காலம் முழுவதும் பயன்படுத்திய 8×42 பைனாகுலரை (எட்டு மடங்கு பெரிதாக்குவது, முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர்) இங்கே மதிப்பிடுகிறேன். ஏறக்குறைய இதே அமைப்பில் பல நிறுவனங்கள் விற்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்று மேலாகச் செலவானது.

கடைக்கு வருகிறவர்களில் பலர் 10×42 தான் வேண்டும் என்கிறார்கள். விற்பவரும் மறுபேச்சில்லாமல் அதையே எடுத்து நீட்டுகிறார். பத்து மடங்கு பெரிதாக்கும் கருவி கை நடுக்கத்தையும் அதே அளவுக்குப் பெரிதாக்கும் என்பது, கடற்காற்று முகத்தில் அறையும் ஆற்றுப் பாலத்தில் நின்று பார்த்தால்தான் உறைக்கும். மேலும், 42ஐ 8ஆல் வகுத்தால் வரும் 5.25 மில்லிமீட்டர்தான் நம் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம். 10×42இல் அது 4.2 ஆகச் சுருங்கிவிடுகிறது. விடிந்தும் விடியாத நேரத்தில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரிகிறது. நடைபாதையில் கண்ணாடி செக்கச்செவேலென மின்ன, 'ஜூம்' என்று சொல்லி விற்கப்படுபவற்றைப் பற்றி எழுத எதுவுமில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல தொப்பி ஒன்று வாங்கலாம்.

இக்கருவியின் உண்மையான பலம் அகன்ற பார்வைப் பரப்புதான். கருப்பு வெள்ளை மீன்கொத்தி நீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும்போது, உடல் முழுதும் அதிர்ந்தாலும் தலை மட்டும் அசையாமல் மீனைக் குறிவைத்திருப்பதை இதில் தெளிவாகக் காணலாம். மார்பில் இரண்டு கரும்பட்டைகள் இருந்தால் அது ஆண். ஒரே பட்டை, அதுவும் நடுவில் அறுந்திருந்தால் பெண். சேற்றில் உப்புக்கொத்தி சில அடி ஓடி, சட்டென்று நின்று, பிறகு கொத்துகிறது. அது கண்ணால் பார்த்து இரை தேடும் பறவை. பக்கத்திலேயே கொசு உள்ளான் தலை நிமிராமல் தையல் இயந்திர ஊசியைப் போல அலகைச் சேற்றில் இறக்கி ஏற்றுகிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்தப் பறவை சைபீரியத் தூந்திரத்தில் முட்டையிட்டுப் பொரித்து, குளிருக்கு நம் கரைகளுக்கு வருகிறது.

இத்தகைய பறவைகளுக்குத் தின்னும் நேரம் என்பது பயணத்துக்கான கொழுப்பைச் சேர்க்கும் நேரம். 2022இல் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாளில் கடந்ததைச் செயற்கைக்கோள் கருவி பதிவு செய்தது; புறப்படுவதற்கு முன் அவ்வினம் கொழுப்பை ஏற்றிக்கொண்டு, குடல் முதலிய செரிமான உறுப்புகளைச் சுருக்கிக்கொள்கிறது. கைப்பேசியில் படமெடுப்பதற்காக ஒரு கூட்டத்தைக் கிளப்பிவிடுகிறவர் அதன் சேமிப்பில் கைவைக்கிறார் என்பது என் கருத்து. கரையில் நின்றபடியே பார்க்க முடிவதைத்தான் இந்தப் பொருளுக்கு நான் கொடுத்த விலையின் பெரும்பங்காகக் கருதுகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் பரவி, கூழைக்கடாக்களின் சிறகெல்லாம் கறை படிந்ததை வட சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எண்ணெய் ஒட்டிய இறகு நீரை விலக்கும் தன்மையை இழந்துவிடும். பறவை நனைந்து, உடற்சூடு குறைந்து நலியும். இளம் கூழைக்கடா இயல்பிலேயே பழுப்பு நிறம் என்பதால் வெறுங்கண்ணுக்குக் குழப்பம் வரும். பைனாகுலரில் பார்த்தால், இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரிதிரியாகத் தொங்குகின்றனவா என்பது தெரிந்துவிடும். வனத்துறைக்குத் தகவல் சொல்வதற்கு முன் அந்தத் தெளிவு தேவை. வலை இழுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "கொஞ்சம் குடு தம்பி" என்று வாங்கி, பறவைகளைப் பொருட்படுத்தாமல், ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் எதுவரை படிந்திருக்கிறது என்று நெடுநேரம் பார்த்தார்.

குறைகளும் உண்டு. உள்ளே நைட்ரஜன் நிரப்பி அடைத்திருப்பதால் ஈரக்காற்றிலும் உட்புறம் பனிக்கவில்லை, பூஞ்சையும் பிடிக்கவில்லை. ஆனால் குவியத்தைச் சரிசெய்யும் சக்கரத்தின் இடுக்கில் உப்பு ஏறி, சில மாதங்களிலேயே இறுகிவிட்டது. பழுதுபார்க்கும் இடத்தில் வாரக்கணக்கில் வைத்திருந்துவிட்டு, துடைத்துக் கொடுத்ததோடு சரி. முன்பக்க மூடிகள் தாமாகவே கழன்று விழுகின்றன. ஒன்று ஆற்றோடு போயிற்று. கூடவே வரும் கழுத்துப்பட்டையும் மெல்லியது, அரை மணி நேரத்தில் கழுத்தை அறுக்கிறது. அகலமான பட்டை ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்வது நல்லது. கண்ணாடியில் உப்புத்துளி பட்டால் சட்டைத் துணியால் தேய்க்காமல், முதலில் தூசியை ஊதி அகற்றி, மெல்லிய ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி அணிகிறவர்கள் கண் வளையத்தை உள்ளே திருகிவைத்துக் கடையிலேயே பார்த்துவிட்டு வாங்கட்டும். காட்சியின் விளிம்பு கருத்துத் தெரிந்தால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்த மாதிரி வேண்டாம்.