நியூயார்க்கர் அட்டைப்படங்கள்: பேரை மறைச்சிட்டுப் பாருங்க, ஊர் தெரியுதான்னு

முதல்லயே சொல்லிடுறேன், இது உள்ள இருக்குற கட்டுரைகளுக்கான ரிவியூ இல்ல, வெறும் அட்டைக்கு மட்டும். தி நியூயார்க்கர்ங்கிற அமெரிக்க வாரப் பத்திரிகையோட அட்டைகளைத் தனி பிரின்ட்டாவே விக்கிறாங்க, அதை ஃபிரேம் போட்டு மாட்டுறதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு, அதுல பலபேரு உள்ள ஒரு பக்கம்கூட படிச்சிருக்க மாட்டாங்க. அது ஒண்ணும் தப்பில்ல. 'இந்த வாரம் உள்ளே' டைப் தலைப்பு எதுவும் இல்லாம, பேரும் தேதியும் விலையும் இடது ஓரத்துல ஒரு பட்டையும் மட்டும் வெச்சிட்டு மிச்சத்தை முழுசா ஓவியருக்கே விட்டுடுறாங்க, அப்போ அதைத் தனியா எடை போட்டுப் பார்க்குறதுதான் நியாயம்.

நான் எந்த அட்டையைப் பார்த்தாலும் மேல இருக்குற பேரை விரலால மறைச்சிடுவேன். அப்புறமும் இது எந்த ஊருன்னு தெரியுதா? கட்டடத்தை வெச்சுத் தெரிஞ்சா பாஸ் மார்க். அந்த ஊர் ஆளுங்களோட குணத்தை வெச்சே தெரிஞ்சா ஃபுல் மார்க்.

இந்தக் கணக்குல முதல் அட்டைக்கே எங்கிட்ட மார்க் கம்மி. 1925 பிப்ரவரி 21, ரியா இர்வின் வரைஞ்சது, உயரமான தொப்பி போட்ட ஒரு மைனர் மூக்கை நிமித்திக்கிட்டு ஒத்தைக் கண்ணாடி வழியா ஒரு பட்டாம்பூச்சியைப் பார்க்குறாரு. யூஸ்டஸ் டில்லின்னு பேரு வெச்சு, கிட்டத்தட்ட எழுபது வருஷமா ஒவ்வொரு ஆண்டு விழா இதழுக்கும் அவரையே திரும்பத் திரும்பப் போட்டாங்க. அழகான டிசைன்தான், ஆனா அந்த மைனர் பழைய ஐரோப்பாக்காரர், அவர்கிட்ட நியூயார்க்கோட திமிர் மட்டும் கொஞ்சம் இருக்கு, ஊர் இல்ல. எனக்கு அதைவிட 1994ல ராபர்ட் க்ரம்ப் அவரை மாத்தி வரைஞ்சதுதான் பிடிக்கும். முகப்பருவும் திருப்பிப் போட்ட தொப்பியுமா ஒரு பையன், தெருவுல எவனோ கையில திணிச்ச நோட்டீஸை உத்துப் பார்த்துக்கிட்டு நிக்கிறான். பழைய ரசிகர்களுக்கு அது கடுப்பா இருந்திருக்கும், ஆனா அந்தத் தெரு உண்மையான தெரு.

இப்போ எல்லாருக்கும் தெரிஞ்ச அட்டைக்கு வருவோம். 1976 மார்ச் 29, சால் ஸ்டைன்பர்க். ஒன்பதாவது அவென்யூல நின்னு மேற்கால பார்க்குறோம். ஒன்பதாவது அவென்யூ, பத்தாவது அவென்யூ, காரு, கட்டடம், ஜன்னல்னு பாதிப் பக்கத்தை அதுவே அடைச்சுக்குது, அப்புறம் ஹட்சன் ஆறு, ஆத்துக்கு அந்தப்பக்கம் பட்டையா நியூ ஜெர்சி மாநிலம், அதுக்கப்புறம் மொத்த அமெரிக்காவும் ஒரு சின்ன கட்டம், நாலு பாறை, கொஞ்சம் ஊர்ப் பேரு, பசிபிக் கடல், கடைசியில சீனா ஜப்பான் ரஷ்யா மூணு மேடு, அவ்வளவுதான் உலகம். இதுல சுதந்திர தேவி சிலை இல்ல, எம்பயர் ஸ்டேட் இல்ல, பெருமையா காட்டுற எதுவுமே இல்ல. கிண்டல் யார் மேலன்னா அந்த ஊர்க்காரன் மேலதான், ஆனா அவனே அதைப் பார்த்து 'ஆமா, அதுக்கென்ன இப்போ'ன்னு சிரிச்சு வாங்கி மாட்டிக்குவான். அங்கதான் அந்த ஊர் மாட்டிக்குது. எல்லா ஊர்க்காரங்களும் அவங்கவங்க ஊரை வெச்சு இதைக் காப்பி அடிச்சிட்டாங்க, ஒரு ஹாலிவுட் பட போஸ்டர் காப்பி அடிக்கப்போயி ஸ்டைன்பர்க் கேஸ் போட்டு 1987ல ஜெயிச்சாரு.

ஸ்டைன்பர்க் ருமேனியாவுல பொறந்து, இத்தாலியில கட்டடக்கலை படிச்சிட்டு, 1942ல அமெரிக்கா வந்தவரு. இதைக் கவனிச்சப்புறம் மத்தவங்களையும் தேடிப் பார்த்தேன். 1925ல இருந்து 1973 வரைக்கும் 186 அட்டை வரைஞ்ச இலோன்கா கராஸ் புடாபெஸ்ட்காரங்க. பெரிய பெரிய கட்டடத்துக்கு நடுவுல ஒரு குட்டி மனுஷனை அடிக்கடி வெச்சு, நூறு அட்டைக்கு மேல வரைஞ்ச செம்பே பிரெஞ்சுக்காரர். 2009 ஜூன் 1ல ராத்திரி ஹாட் டாக் வண்டியை ஐபோன்ல விரலாலயே வரைஞ்ச ஜார்ஜ் கொலம்போ லிஸ்பன்காரர். அவ்வளவு ஏன், 1993ல இருந்து அட்டை எல்லாத்தையும் தேர்ந்தெடுக்குற ஆர்ட் எடிட்டர் ஃப்ரான்ஸ்வாஸ் மூலியே பாரிஸ்ல பொறந்தவங்கதான். பொறந்ததுல இருந்து அங்கயே இருக்கறவனுக்கு எல்லாம் பழகிப் போயிருக்கும், வந்து இறங்குனவன் கண்ணுக்குத்தான் அந்த ஊரோட கிறுக்குத்தனமெல்லாம் படும்னு நினைக்கிறேன்.

ஏட்ரியன் டொமினேயும் கலிஃபோர்னியாக்காரர்தான். 2004 நவம்பர் 8 அட்டை, ரெண்டு சப்வே ரயில் பக்கத்துப் பக்கத்துல, ஒண்ணுல ஒரு பையன், இன்னொண்ணுல ஒரு பொண்ணு, ரெண்டு பேர் கையிலயும் ஒரே புத்தகம், கண்ணாடி வழியா ஒரு பார்வை. இன்னும் ரெண்டு செகண்ட்ல வண்டி கிளம்பிடும். இவ்வளவு பேர் இருக்குற ஊர்ல ஒருத்தரையும் பிடிச்சு வைக்க முடியாதுங்கிறதை இதைவிடச் சுருக்கமா யாராவது சொல்லியிருந்தா காட்டுங்க. என் லிஸ்ட்ல முதல் இடம் இதுக்குத்தான்.

ஸ்க்ரீன்ல பார்த்தா போதாதான்னு கேக்குறவங்களுக்கு ஒரே பதில், 2001 செப்டம்பர் 24, இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கு அப்புறம் வந்த இதழ். ஆர்ட் ஸ்பீகல்மனும் மூலியும் சேர்ந்து பண்ணது. போன்ல பார்த்தா வெறும் கறுப்பு அட்டை, லோட் ஆகலையோன்னு நினைப்பீங்க. பேப்பரைக் கையில வெச்சு வெளிச்சத்துல கொஞ்சம் சாய்ச்சா கறுப்புக்குள்ள இன்னும் கறுப்பா ரெண்டு கோபுரம் வரும், வடக்குக் கோபுரத்து ஆன்டெனா மேல இருக்குற பேர்ல டபிள்யூ எழுத்தை வெட்டிக்கிட்டுப் போகும். மூணு மாசம்கூட ஆகலை, டிசம்பர் 10 இதழ்ல மைரா கால்மனும் ரிக் மேயரோவிட்ஸும் மொத்த ஊரையும் 'நியூயார்க்கிஸ்தான்'னு மேப் போட்டு, டாக்சிஸ்தான், பொடாக்ஸியான்னு ஏரியா ஏரியாவா பேர் வெச்சு கலாய்ச்சிட்டாங்க. துக்கமும் நக்கலும் இவ்வளவு கிட்ட கிட்ட வர்றது அந்த ஊருக்குத்தான் வரும். இந்த ரெண்டையும் சேர்த்துத்தான் மாட்டணும், ஒண்ணை மட்டும் மாட்டினா பாதி ஊர்தான்.

எல்லா அட்டையும் இப்படின்னு நினைச்சிடாதீங்க. சும்மா பூ, பூனை, ஜன்னலோரம் காபின்னு வாரத்தை ஓட்டுன அட்டையும் ஏகப்பட்டது இருக்கு. தேர்தல் வருஷத்துல அரசியல்வாதி மூஞ்சியா வரும், நாலு வருஷம் கழிச்சுப் பார்த்தா என்ன ஜோக்குன்னே புரியாது. அதையெல்லாம் காசு கொடுத்து மாட்ட வேண்டாம்.

இதைப் பார்த்து மத்த ஊர்க்காரங்க பண்ணது இன்னொரு பக்கம். தி பாரிசியனர், தி டோக்கியோயிட்டர்னு ரெண்டு இருக்கு, அப்படிப் பத்திரிகையே கிடையாது, இல்லாத பத்திரிகைக்கு அட்டை மட்டும் ஓவியர்கள் ஆளாளுக்கு வரையுறாங்க. ஐடியா சூப்பர். ஆனா பாரிஸ்ல பலபேரு ஐஃபெல் டவரை விடமாட்டேங்குறாங்க, டோக்கியோவுல ஃபூஜி மலை, ராமென் நூடுல்ஸ், பூனை. விரல் டெஸ்ட்ல பாஸ் ஆகும், ஆனா டூரிஸ்ட் போஸ்ட்கார்டும் அதே டெஸ்ட்ல பாஸ் ஆகுமே. டோக்கியோ வரிசையில கடைசி ரயில், குட்டித் தெரு, ராத்திரி கடை வெளிச்சம்னு வரைஞ்சவங்களோடது மட்டும் தேடி எடுங்க, அதெல்லாம் அருமை.

வாங்குறதா இருந்தா டொமினேயைப் பெருசா வாங்குங்க, அந்த முகம் ரெண்டும் தெரியணும். செம்பே சின்ன சைஸ்ல எடுத்தா அந்தக் குட்டி மனுஷன் காணாமப் போயிடுவாரு. ஸ்டைன்பர்க்கை ஏற்கனவே நாலு வீட்டுச் சுவர்ல பார்த்திருப்பீங்க, அதனால யோசிச்சுக்கோங்க. கறுப்பு அட்டைக்கு மட்டும் பிரின்ட் வேண்டாம், பழைய இதழே கிடைச்சா வாங்கிடுங்க, பளபளன்னு கண்ணாடி போட்ட ஃபிரேமுக்குள்ள வெச்சா கோபுரத்துக்குப் பதிலா உங்க மூஞ்சிதான் தெரியும்.