நோன்பு இரவுக்கு 60 இலை: ஒரு சமையல் குழுவோடு எங்கள் அனுபவம்

கார்த்திகைத் தீபத்தில் தொடங்கி 21 நாள் கணக்கில் வரும், நகரத்தார் வீடுகளில் கொண்டாடும் பிள்ளையார் நோன்பு, சென்ற மார்கழியில் பள்ளி விடுமுறையோடு ஒட்டி வந்தது. காரைக்குடி அருகே பள்ளத்தூரில் பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டைத் திறந்து, பங்காளிகள், சம்பந்தப்புரத்தார், சென்னையிலிருந்து வந்த என் அலுவலகத் தோழிகள் என 60 பேருக்கு இரவு விருந்து வைத்தோம். சமையலைக் காரைக்குடிக் குழு ஒன்றிடம் இலைக்கு 350 ரூபாய் என்று பேசி ஒப்படைத்தோம். குறைகளையும் எழுதப்போவதால் குழுவின் பெயரைச் சொல்லவில்லை.

இந்த விருந்துக்கும் கல்யாண விருந்துக்கும் உள்ள வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. சஷ்டியும் சதயமும் கூடியிருக்கும் பொழுது பார்த்துத்தான் இழை எடுக்க வேண்டும். 21 நூலிழைகளைச் சேர்த்துத் திரித்த திரியை நெய்யில் தோய்த்து, இனிப்பு மாவுப் பிள்ளையாரில் வைத்து ஏற்றி, வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவராக அழைத்துக் கொடுக்க, வாங்குபவர் அதைச் சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வார். (முதல்முறை பார்த்த என் தோழிகளில் ஒருவர், கடைசிக் குழந்தை வாயை மூடும் வரை மூச்சே விடவில்லை.) எத்தனை பேரோ அத்தனை இழை என்பதால், பந்தி எப்போது உட்காரும் என்பதை யாராலும் கடிகாரம் பார்த்துச் சொல்ல முடியாது. இதை முன்பணம் கொடுத்த அன்றே விளக்கியிருந்தேன். குழுத் தலைவரும் தலையாட்டினார். ஆனாலும் மாலை ஆறரை மணிக்கே இட்லியும் இடியாப்பமும் அவிந்து தயாராகிவிட்டன. எட்டு மணிக்கு இழை முடிந்து, இரண்டாங்கட்டில் இலை விரித்தபோது, வளவின் திறந்த முற்றம் வழியே இறங்கிய பனியில் இடியாப்பம் ஆறி விறைத்திருந்தது.

பெரிய ஏமாற்றம் கவுனி அரிசி. தவிடு நீக்காத கறுப்பரிசி தண்ணீரை எளிதில் குடிக்காது. முதல் நாள் இரவே ஊறப்போட்டு, ஊறிய தண்ணீரோடு மலர வேகவைத்து, விரலால் நசுக்கினால் மசியும் பதம் வந்த பிறகுதான் சர்க்கரை சேர்க்க வேண்டும். முந்திச் சேர்த்தால் அதன்பின் எவ்வளவு வெந்தாலும் அரிசி இளகாது. அன்று காலை பதினொரு மணிக்குத்தான் ஊறப்போட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. நெய்யும் தேங்காய்ப்பூவும் தாராளமாக இருந்தும், என் பெரியம்மா இரண்டு வாய் மென்றுவிட்டு இலையின் ஓரத்தில் ஒதுக்கினார்.

இவ்வளவுக்கும் ஈடு செய்தது வெள்ளைப் பணியாரம். ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து எடுக்கும் பழைய கணக்கை மாற்றாமல், மாவைப் புளிக்க விடாமல் வெண்ணெய்போல் அரைத்திருந்தார்கள். பணியாரம் ஊற்ற வந்த அறுபது வயது அம்மாள், தலைவர் அவசரப்படுத்தியும் முதல் ஈட்டோடு அடுப்பைத் தணித்துவிட்டார். "ஆச்சி, முதல் பந்தி உட்காரட்டும், அப்புறம் ஊத்துறேன். ஆறிப்போனா இது தோலு மாதிரி ஆயிடும்" என்றார். சொன்னபடியே, பந்தி உட்கார்ந்த பின் ஒரு கரண்டி மாவை எண்ணெயின் நடுவில் விட்டு, அது தானாக எழும்பி வரும்வரை காத்திருந்து, மேலே கரண்டியால் எண்ணெயை இரண்டு முறை அள்ளி விட்டு, சிவக்கும் முன் திருப்பி எடுத்தார். ஓரம் மட்டும் மெல்லிய சரிகைபோல் மொறுமொறுப்பாக, நடுவில் பஞ்சாக, ஒரு புள்ளிகூட நிறம் மாறாமல் வந்த பணியாரத்தைக் காரச் சட்னியோடு வைத்தபோது, இடியாப்பத்தைப் பற்றிய முணுமுணுப்பு அடங்கியது. கத்திரிக்காயை வேகவைத்து மசித்துச் செய்யும் கோசமல்லியும் நன்றாக இருந்தது, சாம்பார் சாம்பார்தான்.

பரிமாற ஆறு பேர் என்று பேசி நான்கு பேரை அனுப்பியிருந்தார்கள். இரண்டாம் பந்தியில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளே வாளியைத் தூக்க வேண்டியதாயிற்று. அவர்களுக்கு அது விளையாட்டாக இருந்தது என்பதால் குழுவின் தவறு சரியாகிவிடாது. கணக்கு முடிக்கும்போது, எங்கள் அண்டாக்களிலேயே சமைத்துவிட்டுப் பாத்திர வாடகையையும் சேர்த்திருந்தார்கள். கேட்டவுடன் மறுபேச்சில்லாமல் அதைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அடுப்படியைக் கழுவி, கோலம் போடும் அளவுக்குத் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் கொடுப்பேன். பணியாரத்துக்கு மட்டும் என்றால் ஐந்தும் கொடுப்பேன். இந்தக் குழுவை அமர்த்துபவர்கள், அடுப்பை எப்போது பற்றவைக்க வேண்டும் என்பதைத் தலைவரிடம் சொன்னதோடு நிற்காமல், அடுப்படியில் நிற்பவர்களிடமும் சொல்லிவிடுங்கள். இலைக் கணக்கைவிட, சாமான் பட்டியலை வாங்கி நாமே வாங்கிப் போட்டு, ஆள் கூலி மட்டும் பேசுவது இத்தகைய வீட்டு விருந்துக்கு ஒத்துவரும் என்பது என் எண்ணம். வரும் நோன்புக்கு அந்த அம்மாள் வருவதானால் இதே குழுவையே வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன். கவுனி அரிசியை முதல் நாள் இரவே நாங்கள் ஊறப்போட்டுவிடுவோம்.