பெரிய கோயில் விமானத்தை விடக் குள்ளமான காட்ஸில்லா

தஞ்சாவூர்க்காரர்களிடம் உயரத்தை அளக்க ஒரே அளவுகோல்தான் உண்டு. பெரிய கோயில் விமானம், 216 அடி. திருச்சிக்காரர்கள் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி என்று சண்டைக்கு வருவார்கள், அது தனிப் பஞ்சாயத்து. விடுமுறைக்கு வீடு நிறையப் பிள்ளைகள் கூடியபோது மூன்று ராட்சத மிருகப் படங்களை அடுத்தடுத்துப் போட்டோம். 2024-ல் வந்த 'காட்ஸில்லா எக்ஸ் காங்', 2013-ல் வந்த 'பசிபிக் ரிம்', 2023-ல் வந்த ஜப்பானியப் படம் 'காட்ஸில்லா மைனஸ் ஒன்'. அமெரிக்கப் படங்களில் வருகிற காட்ஸில்லா 2019 படத்திலேயே 393 அடிக்கு வளர்ந்துவிட்டது. ராட்சதக் குரங்கு காங் 337 அடி. பசிபிக் ரிம்மின் நாயகன் ஓட்டுகிற ஜிப்ஸி டேஞ்சர் ரோபோ 260 அடி. மைனஸ் ஒன் காட்ஸில்லாவோ 50 மீட்டர் சொச்சம், நம் கணக்கில் 164 அடி. விமானத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால் தலை கலசத்துக்கு எட்டாது. ஆனால் மூன்றில் வயிற்றைக் கலக்குவது அந்தக் குள்ளம்தான்.

"மிருகம் ஊரை இடிக்குது, அதில் பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. உருவத்தைப் பெரிதாக வரைவது கம்ப்யூட்டருக்கு ஒரு வேலையே இல்லை. அது பெரிசு என்று நம் உடம்பு நம்ப வேண்டும். கேமராவை எங்கே வைப்பது, பக்கத்தில் எந்தச் சின்னப் பொருளைக் காட்டுவது, எவ்வளவு மெதுவாக நகர விடுவது என்று தெரிந்த ஆள் இயக்கினால்தான் அது நடக்கும்.

காட்ஸில்லா எக்ஸ் காங்கில் இயக்குநர் ஆடம் விங்கார்டுக்கு அந்தக் கவலை இல்லை. காங்குக்குப் பல்வலி வருகிறது, மனிதர்கள் வந்து புதுப் பல் கட்டிவிடுகிறார்கள். காட்ஸில்லா ரோமில் கொலோசியத்துக்குள் சுருண்டு படுத்துத் தூங்குகிறது. சண்டை என்று வந்தால் காங் ஒரு குட்டிக் குரங்கையே கையில் பிடித்து மற்ற குரங்குகளை விளாசுகிறது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், தமிழ் டப்பிங்கும் கலகலப்பு. ஆனால் கேமரா பெரும்பாலும் மிருகத்தின் தோளுக்குச் சமமாகவே பறக்கிறது. அதனால் அட்டைப்பெட்டிக் கடைக்குள் இரண்டு பயில்வான்கள் கட்டிப் புரள்கிற மாதிரிதான் இருக்கிறது. பொழுது போகும், அவ்வளவுதான்.

பசிபிக் ரிம்முக்கும் கதை என்று பெரிசாக ஒன்றுமில்லை. பசிபிக் கடலடியில் ஒரு பிளவு, அது வழியாக மிருகங்கள் வருகின்றன, மனிதர்கள் ராட்சத ரோபோ கட்டி எதிர்க்கிறார்கள். ஒரு மூளையால் ரோபோவின் சுமையைத் தாங்க முடியாது என்பதால் இரண்டு பேர் சேர்ந்து ஓட்ட வேண்டும், இருவரின் நினைவுகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். இயக்குநர் கியர்மோ டெல் டோரோ இந்த ஒற்றை யோசனையை வைத்து வாங்குகிற வேலை கொஞ்சமல்ல. படத்திலேயே எனக்குப் பிடித்தது சண்டைக் காட்சி இல்லை. மாக்கோ என்ற பெண்ணின் சிறுவயது நினைவு அது. ஆளில்லாத டோக்கியோ தெருவில் ஒரு சின்னப் பெண் ஒற்றைச் சிவப்புச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதபடி நடக்கிறாள். கேமரா அவள் உயரத்துக்கு இறங்கியிருக்கிறது. அப்போது தெரு முனையில் திரும்புகிற அந்த நண்டு மிருகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஹாங்காங் சண்டையில் இன்னொரு நொடி உண்டு. ஜிப்ஸி ஓங்கிய குத்து குறி தப்பி ஒரு அலுவலகக் கட்டடத்தைத் துளைத்துக்கொண்டு போகிறது. மேசை, நாற்காலி எல்லாம் பறக்கிறது. வேகம் தீர்ந்து முஷ்டி நிற்கிற இடத்தில் ஒரு மேசை மேல் வரிசையாகத் தொங்குகிற உலோகக் குண்டுகள். முஷ்டி அதை லேசாகத் தொட, டிக் டிக் என்று ஆட ஆரம்பிக்கிறது. அந்தக் கையின் பருமன் அப்போதுதான் நமக்கு உறைக்கிறது. அதே சண்டையில் ஒரு கப்பலையே கம்பாகத் தெருவில் இழுத்துக்கொண்டு வந்து விளாசும்போது நாம் கேள்வி கேட்பதில்லை. அடி விழுவதற்கு முன் கை பின்னால் போக எடுத்துக்கொள்ளும் நேரமும், தோளிலிருந்து கொட்டுகிற கடல்நீரும் அதற்குள் நம்மை நம்ப வைத்திருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. ரஷ்ய, சீன ரோபோக்களை ஆசையாக அறிமுகப்படுத்திவிட்டு ஒரே சண்டையில் கணக்கை முடித்துவிடுகிறார்கள். இரண்டு விஞ்ஞானிகளின் நகைச்சுவை சலிப்பு. கடைசி நேரத்தில் ரோபோ கையிலிருந்து வாளை நீட்டியதும் என் தங்கை மகன், "மாமா, கத்தி இருந்துச்சுன்னா மொதல்லயே எடுத்திருக்கலாம்ல?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

மைனஸ் ஒன் வேறு ரகம். பசிபிக் ரிம்முக்கு ஆன செலவு சுமார் 19 கோடி டாலர். இதற்கு ஒன்றரைக் கோடி டாலர்கூட ஆகவில்லை. கிராபிக்ஸ் கலைஞர்கள் 35 பேர், செய்தது 610 ஷாட். அதற்கே 2024-ல் ஆஸ்கர் வாங்கினார்கள். இயக்குநர் தகாஷி யமசாகியே கிராபிக்ஸ் மேற்பார்வையாளர் என்பதால் வேண்டாத ஷாட் ஒன்றுகூட இல்லை போலிருக்கிறது. போர் முடிந்த ஜப்பான். சாகத் துணியாமல் திரும்பி வந்த ஒரு தற்கொலைப்படை விமானிதான் நாயகன். கடலில் கிடக்கும் காந்தக் கண்ணிவெடிகளை அகற்றுகிற வேலைக்குப் போகிறான். இரும்புக் கப்பல் போனால் வெடிக்கும் என்பதால் மரப் படகு. அந்தப் படகைத்தான் காட்ஸில்லா தலையை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு துரத்துகிறது. படகில் நாலு பேர், பின்னால் அந்தத் தலை, சுற்றிலும் வெறும் கடல்.

எங்கள் நாகப்பட்டினம் அத்தை 2004 சுனாமிக்குப் பிறகு கடல் பொங்குகிற காட்சி டிவியில் வந்தாலே சேனலை மாற்றச் சொல்வார். இதற்கு மாற்றச் சொல்லவில்லை. "மிருகத்தை விடு, அந்தப் பையன் உயிரோட வீட்டுக்கு வருவானா, அதச் சொல்லு" என்றார். மற்ற இரண்டு படங்களிலும் மனிதர்களைப் பற்றி யாரும் அப்படிக் கேட்கவில்லை.

இந்த மிருகத்தின் பூர்வீகமே படகுதான் என்று சொல்லலாம். 1954 மார்ச்சில் அமெரிக்கா பிகினி தீவில் ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தபோது ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் ஆட்கள் மேல் கதிரியக்கச் சாம்பல் விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் முதல் காட்ஸில்லா படம் வந்தது. மைனஸ் ஒன் அந்தப் பயத்தைத் திரும்பக் கொண்டுவருகிறது. முதுகு முட்கள் வாலிலிருந்து ஒவ்வொன்றாக நீல வெளிச்சத்தோடு வெளியே தள்ளிக்கொண்டு வரும், மூச்சை இழுக்கும், அப்புறம் வாயிலிருந்து கதிரைப் பாய்ச்சும். அது முடிந்ததும் கறுப்பு மழை. தோட்டாவை எண்ணிப் போடுவது போல அந்த முட்களை எண்ணியபடி காத்திருக்கிற சில நொடிகளுக்கு 393 அடி ஈடாகாது.

அப்படியானால் மைனஸ் ஒன்தான் சிறந்த படமா? ஆமாம். ஆனால் மிருகச் சண்டைக்காகவே உட்காருகிறவருக்கு நான் முதலில் பசிபிக் ரிம்மைத்தான் போட்டுக் காட்டுவேன். மைனஸ் ஒன்னில் மிருகம் வருகிற நேரம் குறைவு, நடுவில் குடும்பக் கதைக்குப் பொறுமை வேண்டும். பசிபிக் ரிம்மில் முக்கியச் சண்டைகள் இரவிலும் மழையிலும் நடப்பதால் பகலில் கூடத்துக் கதவைத் திறந்து வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாப்பாடு முடிந்து, விளக்கை அணைத்துவிட்டுப் போடுங்கள். பிள்ளைகள் பிடித்துப்போய் 2018-ல் வந்த இரண்டாம் பாகத்தைக் கேட்பார்கள். அது டெல் டோரோ இயக்கியதில்லை. சண்டையெல்லாம் பட்டப்பகலில் நடக்கிறது, ரோபோக்கள் குதித்து ஓடுகின்றன, எடையே இல்லை. அதற்குப் பதில் காங்கின் பல்வைத்தியத்தையே இன்னொரு தடவை போட்டுவிடலாம்.