நின்றுபோன ஆர்எக்ஸ் 100: ரிங் மாற்றுவதா, எஞ்சினைப் பிரிப்பதா, வேறு எஞ்சின் மாட்டுவதா?

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம், ஆஸ்டின் டவுன் பக்கம் நம்மவர்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே பழைய ஆர்எக்ஸ் 100 ஒன்று தார்ப்பாய்க்குள் நிற்பதை இன்றும் பார்க்கலாம். அப்பாவோ மாமாவோ ஓட்டிய வண்டி. எஸ்கார்ட்ஸ் 1985-இல் கொண்டுவந்து 1996 வரை விற்ற யமஹா. 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவை ஒட்டி. இப்போது அதற்கு இருக்கும் மவுசைப் பார்த்து, வருடக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடந்த வண்டியை எடுத்து ஓட்டப் பலரும் கிளம்புகிறார்கள். கிக்கர் இறங்க மறுக்கிறது. அல்லது ஸ்டார்ட் ஆகித் தெருவெல்லாம் வெள்ளைப் புகை. மெக்கானிக்கிடம் போனால் மூன்று யோசனைகளில் ஒன்றைச் சொல்வார்: பிளாக்கை, அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரை, கழற்றி ரிங்கோ பிஸ்டனோ மாற்றலாம், எஞ்சினை முழுதாகப் பிரித்து கிராங்க் (பிஸ்டனின் மேல்-கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) வரை வேலை பார்க்கலாம், சிவாஜி நகர் குஜரியில் (பழைய சாமான் சந்தை) வேறு எஞ்சின் வாங்கி மாட்டலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று வரை ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு முதல் வழி போதும். வருடக்கணக்கில் நின்ற வண்டிக்கு இரண்டாவதுதான் சரி. மூன்றாவது, கிராங்க் கேஸே, அதாவது கிராங்க் இருக்கும் கூடே, உடைந்துபோனவர்களுக்கு மட்டும்.

காரணம் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. இதில் பிஸ்டனுக்கு மேலே மட்டுமல்ல, கீழேயும் அழுத்தம் உண்டாக வேண்டும். பெட்ரோல் கலவை முதலில் கிராங்க் கேஸுக்குள் இழுக்கப்பட்டு, அங்கிருந்து மேலே தள்ளப்படுகிறது. அந்த அறை காற்றுப் புகாமல் இருக்க கிராங்கின் இரு பக்கமும் ஒவ்வோர் ஆயில் சீல் உண்டு. வண்டி நின்றால் இந்த ரப்பர் காய்ந்து இறுகிவிடும். மேக்னெட் பக்க சீல் போனால் வெளிக்காற்று உள்ளே வரும். கலவையில் பெட்ரோலும் அதோடு சேர்ந்து வரும் ஆயிலும் குறையும், சூடு ஏறும், ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சி எரிக்கும். அந்த வெள்ளைப் புகையைப் பார்த்து “போர் போயிடுச்சு” என்று, அதாவது சிலிண்டரின் உள்துளை தேய்ந்துவிட்டது என்று, தீர்ப்பு எழுதும் பட்டறைகள் நிறைய. பாவம், போர் மேல் தப்பே இருக்காது.

இதைச் செலவில்லாமல் சோதிக்கலாம். கியர் ஆயிலை வடித்து அளந்து ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி வடித்துப் பாருங்கள். வெளியே ஒழுகல் இல்லாமல் அளவு குறைந்திருந்தால் கிளட்ச் பக்க சீல்தான். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்காமல் தொங்கினால், கேபிளும் கார்புரேட்டரும் சரியாக இருக்கும் பட்சத்தில், சந்தேகம் மேக்னெட் பக்கம் போக வேண்டும். கிக்கர் இறங்கவே இல்லை என்றால் ஏறி மிதிக்காதீர்கள். ப்ளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியே கொஞ்சம் ஆயில் விட்டு ஓரிரு இரவு ஊற வையுங்கள். துருப்பிடித்து ஒட்டிய ரிங்கை வலுவாக இழுத்தால் போரில் கோடு விழும். பிறகு எந்த வழிக்குப் போனாலும் செலவு கூடத்தான் செய்யும்.

முதல் வழியைப் பார்ப்போம். ஹெட், பிளாக் இரண்டையும் கழற்றி வேலை பார்ப்பது. எஞ்சினை வண்டியிலிருந்து இறக்க வேண்டியதில்லை, ஒரே நாளில் முடியும், செலவும் மற்ற இரண்டையும்விடக் குறைவு. இதிலேயே இரண்டு வகை உண்டு. வெறும் ரிங் மாற்றுவதை நான் ஏற்பதில்லை. எக்ஸாஸ்ட் போர்ட் (புகை வெளியேறும் வாசல்) பக்கம் தேய்ந்து கோணலாகிவிட்ட போரில் புது ரிங் முழுதாக உட்காராது. சில வாரம் நன்றாக இழுக்கும், பிறகு பழைய கதைதான். போரை மேலே, நடுவில், கீழே என்று அளந்து, தேய்மானம் இல்லை என்று தெரிந்தால் மட்டும் ரிங் மாற்றலாம்.

மற்றபடி போரைக் கடைந்து அகலமாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் (சற்றே பெரிய) பிஸ்டன் போடுவதுதான். இந்த எஞ்சினின் போர் 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50. பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 என்று நான்கு ஓவர்சைஸில் கிடைக்கும். கடைசி அளவுக்குப் போனாலும் எஞ்சின் 102 சிசிதான் ஆகிறது. “போர் ஏத்தினா பவர் ஏறும்” என்ற பேச்சில் சாரம் இல்லை. போர் சுத்தமாகும் மிகச் சிறிய அளவில் நிறுத்துங்கள், மிச்சம் அடுத்த முறைக்கு உதவும். ஜே.சி. ரோட்டில் பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையில் எடுத்துக்கொண்டு லேத்துக்குப் போங்கள். அந்த பிஸ்டனை அளந்துதான் போர் எடுக்க வேண்டும், அட்டைப் பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பி அல்ல. இன்னொன்று, பலர் விட்டுவிடுவது: போர் எடுத்த பிறகு போர்ட்டுகளின் ஓரம் கத்தி மாதிரி கூராக இருக்கும். அதை மெல்ல மழுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ரிங் அதில் மாட்டி முறியும். வேலையைக் கொடுக்கும்போதே “அண்ணா, போர்ட் எட்ஜ் எடுத்துக் கொடுங்க” என்று சொல்லிவிடுங்கள்.

பிளாக் ஏற்கெனவே 1.00 வரை போய்விட்டதா? கடையில் கிடைக்கும் புது பிளாக்-பிஸ்டன் செட்டைவிட, ஒரிஜினல் பிளாக்கில் ஸ்லீவ் (உள்ளே பொருத்தும் புது உருளை) அடித்து மறுபடி 50-இல் தொடங்குவது எனக்குப் பிடித்த வழி. வெளிச் செட்டுகளில் போர்ட்டின் உயரமும் வார்ப்பின் தரமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அந்த வண்டியின் இழுவையே போர்ட்டுகள் அமைந்திருக்கும் உயரத்தில்தான் இருக்கிறது.

இவ்வளவு சிரத்தையாகச் செய்தாலும், நின்ற வண்டியில் முதல் வழி பாதியில் நிற்கும் வேலைதான். ஸ்ரீராமபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் நேர்த்தியாக போர் எடுத்து, நல்ல பிஸ்டன் போட்டார். ஓசூர் ரோட்டிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. பிரித்துப் பார்த்தால் மேக்னெட் பக்க சீல் கல்லாகி இருந்தது. புது பிஸ்டன், புது போர் இரண்டும் வீண். மேலே காம்ப்ரெஷன் கூடும்போது கீழே பழைய பேரிங் மேல் சுமையும் கூடுகிறது என்பதையும் மறக்கக்கூடாது.

இரண்டாவது வழியில் எஞ்சினை இறக்கி, கிராங்க் கேஸை இரண்டாகப் பிரிக்கிறார்கள். கிராங்க் பேரிங்குக்கும் கனெக்டிங் ராடுக்கும் பெட்ரோலோடு வரும் ஆயில் மட்டுமே உயவு. வண்டி நின்றால் அந்தப் படலம் வற்றி, ஈரம் சேர்ந்து, பந்துகளில் துருப்புள்ளி விழும். பிளாக்கைக் கழற்றியதும் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், மேல்-கீழ் ஆட்டம் துளிகூட இருக்கக்கூடாது. இருந்தால் ராட் கிட் மாற்றி, கிராங்கை பிரஸ்ஸில் கோத்து, டயல் கேஜ் (நுண்ணிய கோணலையும் முள்ளால் காட்டும் கருவி) வைத்து நேர் பார்க்க வேண்டும். டயல் கேஜ் இல்லாமல் சுத்தியலால் தட்டி நேராக்கும் பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது. இரண்டு பேரிங், இரண்டு சீல், கேஸ்கெட்டுகள், வேண்டுமானால் கிளட்ச் பிளேட் என்று பட்டியல் நீளும். ஒரு வாரமாவது பிடிக்கும், பணமும் முதல் வழியைப்போல் சில மடங்கு. ஆனால் பணம் போன இடம் தெரியும்.

பெட்ரோலும் இப்போது வேறு. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பிரதமர் 2023 பிப்ரவரியில் தொடங்கிவைத்ததே பெங்களூரில்தான். பழைய ரப்பர் குழாய், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் அந்தப் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல, மொத்தமாக மாற்றிவிடுங்கள். எத்தனால், எஞ்சினுக்குள் போகும் கலவையை மெலிய வைக்கும், அதாவது காற்றுக்குத் தேவையான எரிபொருள் போதாமல் போகும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் இந்த ஊரின் மெல்லிய காற்று அதற்கு எதிராக வேலை செய்யும். ஆகவே ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) யாரோ சொன்ன எண்ணில் போடாமல், ஓட்டிவிட்டு ப்ளக் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வெளுத்திருந்தால் ஆபத்து, பழுப்பாக இருந்தால் சரி.

மூன்றாவது வழியான வேறு எஞ்சின், பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். காலையில் வாங்கி மாலையில் ஓட்டலாம், 132 சிசி ஆர்எக்ஸ் 135 எஞ்சினையே வைக்கலாம் என்று ஆசை காட்டுவார்கள். ஆனால் அந்த எஞ்சினும் எங்கோ நின்று கிடந்ததுதான். அதன் சீலும் காய்ந்திருக்கும், அதையும் பிரிக்கத்தான் வேண்டும். எஞ்சின் எண் ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பது அதைவிடப் பெரிய விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவுப்படி இப்படிப்பட்ட மாற்றத்தை ஆர்டிஓவில் அனுமதி பெற்று ஆர்சியில் ஏற்ற வேண்டும். 15 வருடம் கடந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது சேசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் பார்ப்பார்கள். எண்ணைத் தேய்த்து வேறு எண் அடித்துத் தருவதாக யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு உடனே கிளம்புங்கள். இந்த வண்டி நிறையத் திருடு போகும் வண்டி; பில் இல்லாத எஞ்சின் யாருடையது என்று உங்களுக்குத் தெரியாது.

கிராங்க் கேஸ் விரிசல் விட்டு வெல்டிங்கும் நிற்காத நிலையில் வேறு வழியில்லை. அப்போது பில்லோடு, பழைய ஆர்சி நகலோடு விற்கும் எஞ்சினை மட்டும் வாங்குங்கள். தமிழ்நாட்டுப் பதிவு வண்டி என்றால், 12 மாதத்துக்கு மேல் கர்நாடகத்தில் வைத்திருக்கும்போது மறுபதிவு கட்டாயம் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

எந்த வழியில் போனாலும் புகைச் சான்றிதழ் வேண்டும். 2000 மார்ச் வரை தயாரான இரு சக்கர வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9000 பிபிஎம் வரை அனுமதி. சீலும் கார்புரேட்டரும் சரியாக இருக்கும் ஆர்எக்ஸுக்கு இது எட்டாத எல்லை அல்ல.

புது பிஸ்டன் போட்ட முதல் 500 கிலோமீட்டரை அதிகாலையில் ஓட்டுங்கள், கனகபுரா ரோடு மாதிரி காற்று ஓடும் சாலையில். காற்றில் குளிரும் எஞ்சினை சில்க் போர்டு நெரிசலில் நிற்க வைக்காதீர்கள், நந்தி மலை ஏற்றமும் அதுவரை வேண்டாம். ஆக்சிலரேட்டர் பாதிக்கு மேல் போகக்கூடாது. ஆயிலைத் தானாகவே எஞ்சினுக்கு அனுப்பும் ஆட்டோலூப் பம்ப் பழையதாக இருந்தால், குழாயில் காற்றில்லாமல் ஆயில் ஒழுங்காக வருகிறது என்று உறுதியாகும் வரை, பெட்ரோலிலும் லிட்டருக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்துவிடுங்கள். கொஞ்சம் புகையும், பரவாயில்லை.