ஜார்ஜியாவா, யூட்டாவா?

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் எந்தப் பல்கலைக்கழக அணி பெரியது? கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ தரும் தேசியப் பட்டங்களை மட்டும் எண்ணினால் ஜார்ஜியா 10, யூட்டா 9. போட்டி தொடங்கிய 1982 முதல் 1986 வரை ஐந்தும் கிரெக் மார்ஸ்டன் பயிற்றுவித்த யூட்டாவுக்கே. ஆனால் 1995க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. சுசான் யோகுலான் பயிற்றுவித்த ஜார்ஜியா 2005–2009 ஐந்தாண்டும் வென்றது. அவர் விலகிய மறு ஆண்டே அந்த அணி தேசியப் போட்டிக்குத் தகுதி பெறவில்லை. யூட்டாவோ 2025 வரை ஒருமுறையும் தவறவில்லை. என் கணக்கில் இதுதான் பெரிது.

ஏனென்றால், ஒருமுறையும் தவறாமல் தகுதி பெறுவது எளிதல்ல. ஒவ்வொரு கருவியிலும் ஆறு பேர் ஆட, சிறந்த ஐந்து மதிப்பெண்களே சேரும். பீம் என்ற குறுகிய சமநிலைக் கட்டையில் ஒருத்தி விழுந்தால் 0.5 போகும், அந்த மதிப்பெண்ணை விட்டுவிடலாம். இரண்டாமவளும் விழுந்தால் ஒரு வீழ்ச்சி கணக்கில் ஏறியே தீரும்.