லேப் பெஞ்சா, பேஷண்ட் பக்கமா? வாலண்டியரா போற பசங்களுக்கு

நான் ரெண்டு பக்கமும் இருந்து பாத்துட்டேன். செகண்ட் இயர் லீவு முழுக்க ஒரு கிளினிக்கல் ரிசர்ச் லேப்ல சாம்பிள் வேலை, தேர்ட் இயர்ல வாரம் ரெண்டு மத்தியானம் அதே டீமோட பேஷண்ட்ங்க கூட. இப்ப ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் பிஎஸ்சி மைக்ரோ, பயோகெம் படிக்கற தம்பி தங்கச்சிங்க கேக்கறது ஒன்னுதான், "அக்கா, பிப்பெட் புடிக்க விடுவாங்களா?" திரவத்த அளந்து எடுக்கற அந்தக் குழாய் கைல இல்லன்னா ரிசர்ச்சே இல்லங்கற மாதிரி பேசறாங்க, அதான் எனக்கு மனசு கேக்கல.

லேப்ல கை வேலை சுத்தமாகும், அது நெஜம். பர்ப்பிள் மூடி டியூப்ல ரத்தம் உறையாது, சிவப்பு மூடில உறையணும், அரை மணி நேரம் உறைய விடாம அவசரமா சென்ட்ரிஃபியூஜ்ல, அதான் வேகமா சுத்திப் பிரிக்கற மெஷின்ல, போட்டா மேல தெளிஞ்சு நிக்கற சீரம்ல நூல் நூலா மிதக்கும், ஒரு தடவ பாத்துட்டா ஜென்மத்துக்கும் மறக்காது. ஆனா முதல் மாசம் லேபிள் ஒட்டறதும் ஃப்ரீசர் லிஸ்ட் எழுதறதும்தான். டிபி கிருமிய வளத்துப் பாக்கற கல்ச்சர் ரூம் பக்கம் வாலண்டியர விடமாட்டாங்க, விடவும் கூடாது. அந்தக் கிருமிய வளக்கற எல்ஜே மீடியத்துல நெகட்டிவ்னு சொல்லவே எட்டு வாரம் பாக்கணும், அதுக்குள்ள உங்க லீவே முடிஞ்சிடும்.

பேஷண்ட் பக்கம் வேற உலகம். ஃபாலோ அப்புக்கு வராதவங்களுக்கு போன் போடற வேலை எனக்கு. காசிமேட்டு அண்ணன் ஒருத்தர் மூணு தடவ எடுக்கல, ஃபைல்ல 'ஒத்துழைக்கவில்லை'னு எழுதிட்டாங்க, எனக்கு அவ்ளோ வருத்தம். காலைல பூரா அவர் கடல்ல இருப்பாருன்னு நம்ம ஏரியா ஆளுக்குத் தெரியும், அங்க யாருக்கும் தோணல. சாயந்திரம் போட்டேன், எடுத்தாரு, மறுநாளே வந்தாரு. வீட்டுக்குப் போனாலும் தெருவுல நின்னு டிபின்னு சத்தமா கேக்கக்கூடாதுன்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல.

இத சின்ன வேலைன்னு நெனக்காதீங்க. 1956ல இதே மெட்ராஸ்ல ஆரம்பிச்ச ஆராய்ச்சிலதான் டிபிக்கு சானடோரியத்துல, அதான் டிபி ஆஸ்பத்திரில, படுக்க வெக்கறதும் வீட்லயே வெச்சு மருந்து குடுக்கறதும் ஒப்பிட்டாங்க, நெருக்கமான வீடு, சாப்பாடும் கம்மி, அப்பவும் வீட்ல இருந்தவங்க கிட்டத்தட்ட அதே அளவு குணமானாங்க, கூட இருந்த குடும்பத்துக்கும் நோய் கூடுதலா பரவல. 1959ல வந்த அந்த முடிவுக்குப் பின்னாடி வீடு வீடா போனவங்க இருக்காங்க.

ரிசர்ச் பேப்பர்ல பேர் வருமான்னா ரெண்டு பக்கமும் உத்தரவாதம் கெடையாது. எம்பிபிஎஸ் பசங்களுக்கு ஐசிஎம்ஆர், அதான் மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், குடுக்கற ரெண்டு மாச ரிசர்ச் ஸ்டூடன்ட்ஷிப் இருக்கு, பிஎஸ்சிக்கு அது இல்ல.

நான் சொல்றது, மொதல்ல பேஷண்ட் பக்கம் போங்க, அப்புறம் லேபுக்கு வாங்க, அப்பதான் அந்த டியூப் யாரோடதுன்னு தெரியும். ஆனா ஒரு விஷயத்துல கண்டிப்பா இருங்க. ஆராய்ச்சில சேர சம்மதம்னு படிக்கத் தெரியாத பாட்டி கைநாட்டு வெக்கும்போது பக்கத்துல சாட்சி கையெழுத்து உங்கள போடச் சொன்னா போடாதீங்க. சாட்சி வெளி ஆளா இருக்கணும், டீம்ல இருக்கற யாரும் கூடாது. என்கிட்டயும் கேட்டாங்க, முடியாதுன்னேன், கொஞ்ச நேரம் மூஞ்சி காட்டினாங்க, அவ்ளோதான்.

எந்தப் பக்கம் போனாலும் ஹெபடைடிஸ் பி ஊசி இப்பவே ஆரம்பிங்க. மூணு டோஸ் முடிய ஆறு மாசம் ஆகும், மே மாச லீவுக்கு நவம்பர்லயே போட்டாத்தான் சரியா இருக்கும்.