மின்னிலக்கத் தடத்தைக் குறைத்தல்: சிங்கப்பூரில் சில ஆண்டுகளின் பயன்பாட்டு அனுபவம்

என்னைப் பற்றி வெளியில் உலவும் விவரங்களைக் குறைப்பதற்காக நான் கடைப்பிடித்து வரும் வழிகளில் மிகப் பழையது, விளம்பர அழைப்புகளைத் தவிர்ப்பதற்கான ‘அழைக்க வேண்டாம்’ பதிவேட்டில் கைப்பேசி எண்ணைப் பதிந்துகொண்டதுதான். 2014 ஜனவரி 2ஆம் தேதி நடப்புக்கு வந்த இந்தப் பதிவேட்டில் தொலைபேசி அழைப்பு, குறுஞ்செய்தி, தொலைநகல் என மூன்று பிரிவுகள் உள்ளன. ஒருமுறை பதிந்துவிட்டால், நாமே விலகும் வரை அல்லது அந்த எண்ணின் சேவை துண்டிக்கப்படும் வரை பதிவு நீடிக்கும். பதிந்த பிறகு கடன், காப்புறுதி, வீட்டு விற்பனை தொடர்பான உள்ளூர் விளம்பர அழைப்புகள் நன்றாகவே குறைந்தன. ஆனால் முற்றாக நிற்கவில்லை. ஒரு நிறுவனத்துக்கு நாம் தெளிவாக ஒப்புதல் கொடுத்திருந்தால், பதிவேட்டில் நம் எண் இருந்தாலும் அந்நிறுவனம் அழைக்கலாம் என்று சட்டமே இடம் தருகிறது. கடைத்தொகுதிக் குலுக்கல் சீட்டிலும் துணைப்பாட நிலையத்தின் சேர்க்கைப் படிவத்திலும் அவசரத்தில் இட்ட ஒரு குறி, பல ஆண்டுகள் கழித்தும் அவ்வாறு உயிரோடு இருக்கும். நன்கொடை கேட்பவர்களும் கருத்தாய்வு நடத்துபவர்களும் விளம்பரம் என்ற வரையறைக்குள் வருவதில்லை. வெளிநாட்டிலிருந்து பேசும் மோசடிக்காரர் எந்தப் பதிவேட்டையும் புரட்டிப் பார்க்கப்போவதில்லை.

ஆகவே பழைய ஒப்புதல்களை ஒவ்வொன்றாக மீட்டுக்கொள்வதே அடுத்த வேலையாயிற்று. என் அனுபவத்தில் அதிகப் பலன் தந்ததும் அதுவே. பலருக்கும் தெரியாததும் அதுவே. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒவ்வொரு நிறுவனமும் ஒரு தரவுப் பாதுகாப்பு அதிகாரியை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் வழியைப் பொதுமக்கள் அறியத் தரவேண்டும். இணையத்தளத்தின் அடியில், யாரும் படிக்காத தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தில், அந்த மின்னஞ்சல் முகவரி இருக்கும். நான் அனுப்பும் கடிதத்தில் மூன்று கோரிக்கைகள் மட்டும் இருக்கும்: என்னைப் பற்றி உங்களிடம் என்னென்ன விவரங்கள் உள்ளன, கடந்த ஓராண்டில் அவை எப்படிப் பயன்படுத்தப்பட்டன, யாருக்குத் தரப்பட்டன என்று தெரிவிக்கவும்; விளம்பரத்துக்கு நான் தந்த ஒப்புதலை மீட்டுக்கொள்கிறேன்; தேவை முடிந்துவிட்ட விவரங்களை வைத்திருப்பதை நிறுத்தவும். முதல் கோரிக்கைக்கு 30 நாள்களுக்குள் பதில் தரவேண்டும், முடியாவிட்டால் எப்போது தர முடியும் என்பதையாவது அதற்குள் சொல்லவேண்டும். நியாயமான ஒரு கட்டணம் கேட்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு, என்றாலும் என்னிடம் யாரும் கேட்டதில்லை.

மூன்றாம் கோரிக்கையில்தான் கவனம் தேவை. ஐரோப்பாவில் 2018 முதல் நடப்பில் உள்ள விதிமுறையில் இருப்பதைப் போன்ற ‘அழித்துவிடு’ என்று கேட்கும் நேரடி உரிமை இங்கு இல்லை. சட்டத் தேவையோ வர்த்தகத் தேவையோ முடிந்த பிறகு தரவை வைத்திருக்கக் கூடாது என்ற கடமை மட்டுமே நிறுவனத்துக்கு உண்டு. எனவே ‘நீக்கியே ஆகவேண்டும்’ என்று மிரட்டி எழுதுவதைவிட, ‘எந்தத் தேவைக்காக இன்னும் வைத்திருக்கிறீர்கள்’ என்று கேட்டு எழுதுவது விரைவாக வேலை செய்கிறது. பதில் சொல்ல வேண்டியவர் காரணத்தைத் தேடிப் பார்த்து, கிடைக்காமல், நீக்கிவிடுகிறார். பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் ஒழுங்காகப் பதில் தந்தன. சிறிய கடைகளில் அப்படியொரு அதிகாரி இருப்பதே உரிமையாளருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஓர் உடற்பயிற்சிக் கூடம், என் விவரங்களை நீக்குவதற்கு முன் என்னை உறுதிப்படுத்திக்கொள்ள அடையாள அட்டையின் இரு பக்கங்களையும் படமெடுத்து அனுப்பச் சொன்னது! அனுப்பவில்லை. அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் மின்னஞ்சலிலிருந்தே எழுதுகிறேன் என்பதைச் சுட்டிக்காட்டியதும் ஏற்றுக்கொண்டார்கள்.

அடையாள அட்டை எண்ணைப் பற்றிய என் பழக்கம் இடையில் மாறிவிட்டது. 2019 செப்டம்பர் 1ஆம் தேதி முதல், சட்டம் கட்டாயப்படுத்தாத நிலையிலும், ஒருவரை மிகத் துல்லியமாக உறுதிப்படுத்தத் தேவையில்லாத நிலையிலும், நிறுவனங்கள் அந்த எண்ணைக் கேட்கக் கூடாது, அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடாது என்ற வழிகாட்டி நடப்புக்கு வந்தது. கொண்டோமினியக் காவல் அறையில் அட்டையை ஒப்படைத்துவிட்டு உள்ளே போகும் வழக்கம் அத்தோடு பெரும்பாலும் மறைந்தது. நானும் கடைசி மூன்று இலக்கங்களையும் எழுத்தையும் மட்டும் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தேன். பிறகு 2024 டிசம்பரில், வர்த்தகப் பதிவுக்கான அரசாங்க இணையவாசலின் புதிய தேடல் வசதியில் முழு எண்களும் தெரியவந்து, சில நாள்களில் அந்த வசதி நிறுத்தப்பட்டபோது, அந்த எண் பெயரைப் போல ஒருவரைச் சுட்டுவதற்கானதே, ரகசியச் சொல்லாகப் பயன்படுத்தத் தக்கதன்று என்று அரசாங்கம் விளக்கியது.

எரிச்சலோடு கேட்டாலும், அந்த வாதம் சரியென்றே எனக்குத் தோன்றுகிறது. 1968 முதல் பிறந்தவர்களின் எண்ணில் உள்ள ஏழு இலக்கங்களில் முதல் இரண்டு பிறந்த ஆண்டைக் குறிப்பவை. கடைசி மூன்று இலக்கங்களும் எழுத்தும் தெரிந்துவிட்டால், மீதமிருப்பது இரண்டே இலக்கங்கள், அதாவது நூறு வாய்ப்புகள். கடைசி எழுத்து ஏனைய இலக்கங்களிலிருந்து ஒரு கணக்கின்படி பெறப்படுவது என்பதால், அந்த நூறும் ஒன்பது அல்லது பத்தாகச் சுருங்கிவிடும். அந்தப் பிறந்த ஆண்டையோ, ஐம்பதாம் பிறந்தநாள் வாழ்த்தாகக் குடும்பத்தினரே ஃபேஸ்புக்கில் அறிவித்துவிடுகிறார்கள். எனவே எண்ணை மறைப்பதில் செலவிட்ட கவனத்தை, அந்த எண்ணையே கடவுச்சொல்லாக வைத்து ஆவணம் அனுப்பும் இடங்களை மாற்றச் சொல்வதில் இப்போது செலவிடுகிறேன். எனக்குக் காப்புறுதி அறிக்கை அனுப்பும் நிறுவனம் ஒன்று, கேட்ட பிறகு வேறு கடவுச்சொல்லை அமைக்க வழிசெய்தது.

சட்டம் எட்டாத இடம் நம் சொந்தபந்தம். தனிப்பட்ட முறையிலும் வீட்டு விவகாரமாகவும் ஒருவர் செய்வதற்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. வேண்டுகோள் ஒன்றே வழி. திருமண அழைப்பிதழைப் படமாக்கி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடும்போது, புளோக் எண், மாடி, வீட்டு எண், இரு குடும்பத்தாரின் கைப்பேசி எண்கள், வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள் என்ற நாளும் நேரமும் அத்தனையும் ஒரே தாளில் போகின்றன. இந்த ஊரில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு ஒரு வட்டாரத்தைக் குறிப்பதன்று. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு உண்டு. ‘அஞ்சல் குறியீட்டை மட்டும்தானே கொடுத்தேன்’ என்பவர் தம் கட்டடத்தையே கொடுத்திருக்கிறார். இதைச் சித்தப்பாவிடம் விளக்கியபோது, “எல்லாம் நம்ம ஆளுங்கதானே தம்பி” என்றார். அந்தக் குழுவில் இருந்தவர்களில் பாதிப் பேரை அவருக்கும் தெரியாது. வாதாடுவதை விட்டுவிட்டு, முகவரி இல்லாத இரண்டாவது அழைப்பிதழ்ப் படத்தை நானே செய்து கொடுத்தேன். அதையே எல்லாருக்கும் அனுப்பினார். குழுவில் யார் நம்மைச் சேர்க்கலாம் என்பதை வாட்ஸ்அப் அமைப்பில் குறுக்கிக்கொள்வதும் பயன் தருகிறது, ஏனெனில் குழுவில் சேர்ந்த மறுநொடியே நம் எண் அங்குள்ள அனைவருக்கும் தெரியும்.

தேடுபொறியில் என் பெயரை இட்டபோது கிடைத்தவற்றில் தொல்லையானது, ஒரு சங்கத்தின் பழைய விழாவுக்கான தொண்டூழியர் பட்டியல். பெயரும் எண்ணும் வரிசையாக இருந்தன. செயலாளருக்கு எழுதியதும் கோப்பை எடுத்துவிட்டார்கள், ஆயினும் தேடல் முடிவில் அதன் சுவடு தொடர்ந்து தெரிந்தது. காலாவதியான பக்கங்களைப் புதுப்பிக்கச் சொல்லும் கூகல் படிவத்தை நிரப்பிய பிறகே அது மறைந்தது. தொலைபேசி எண், வீட்டு முகவரி போன்றவற்றைத் தேடல் முடிவிலிருந்து எடுக்கக் கோரும் படிவமும் கூகலிடம் உண்டு. ஆனால் மூலப்பக்கம் இருந்த இடத்தில்தான் இருக்கும் என்பதால், முதலில் பக்கத்தின் உரிமையாளரை அணுகுவதே முறை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடவுச்சொல் நிர்வாகச் செயலி இன்றி இப்போது என்னால் இருக்க முடியாது. மின்னஞ்சல் முகவரி எந்தக் கசிவில் சிக்கியது என்று காட்டும் ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தின் எச்சரிக்கை வசதி இலவசம். ஸ்கேம்‌ஷீல்டு என்ற மோசடித் தடுப்புச் செயலியும், சந்தேகம் வந்தால் அழைக்கக்கூடிய 1799 உதவி எண்ணும் நல்லவை. அவை தடத்தைக் குறைப்பதில்லை, கசிந்த எண்ணால் வரும் கேட்டைத் தடுக்க உதவுகின்றன.

நான் கைவிட்டது, உறுப்பினர் அட்டைகளுக்கும் பொருள் விநியோகத்துக்கும் என்று தனியாக வாங்கிய முன்கட்டண எண். பணம் நிரப்ப மறந்தால் எண் காலாவதியாகி, சில காலம் கழித்து வேறொருவரிடம் போய்ச்சேரும். அதன்பின் நம் கணக்குகளுக்கான ஒருமுறைக் குறியீடுகளும் (OTP) அவருக்கே போகும். ஒவ்வொரு தளத்துக்கும் தனி மாற்று மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்வது இதைவிட மேல், எந்த முகவரிக்குக் குப்பை வருகிறதோ அதை மட்டும் மூடிவிடலாம். இரண்டாவது எண்ணை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், அது இணைந்துள்ள கணக்குகள் அனைத்திலும் எண்ணை மாற்றி, சில மாதங்கள் குறுஞ்செய்தி எதுவும் வராததை உறுதிசெய்த பிறகு சேவையை நிறுத்தவும். நிறுத்திய எண்ணுக்கு ‘அழைக்க வேண்டாம்’ பதிவும் தானே நீங்கிவிடும் என்பதால், புதிய எண்ணைத் தனியாகப் பதியவேண்டும்.